லேபிள் எந்த பிரிண்டரில் அச்சாக வேண்டும் என்பதைக் கட்டளையிலேயே குறிப்பிடுவது எப்படி

ஒரே கட்டடத்தில் நான்கைந்து லேபிள் பிரிண்டர்கள் இருக்கும்போது, எந்த லேபிள் எங்கே அச்சாக வேண்டும் என்ற முடிவைக் கணினியின் ஊகத்துக்கு விட்டுவிடக் கூடாது. நடுத்தர அளவுள்ள ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். வரவேற்பில் நோயாளியின் கைப்பட்டை அச்சாகிறது. ரத்த மாதிரி எடுக்கும் அறையில் குழாயில் ஒட்டும் சிறிய லேபிள் அச்சாகிறது. மருந்தகத்தில் மருந்து உறைக்கான லேபிள் அச்சாகிறது. பல இடங்களில் இவை மூன்றும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி பிரிண்டர்களாகவே இருக்கின்றன. மாதிரி எடுக்கும் அறைக்குப் போக வேண்டிய லேபிள் வராமல் போனால் செவிலியர் காத்திருப்பார், கேட்பார், மறுபடி அனுப்பச் சொல்வார். அதே லேபிள் வேறொரு மேசையில் வேறொரு நோயாளியின் காகிதங்களோடு வந்து விழுந்தால், அதை யாரும் கவனிக்காமல் போவதற்கு இடமிருக்கிறது. ஆகவே, தவறான இடத்தில் அச்சாவதைவிட அச்சாகாமல் நின்று பிழை காட்டுவதே மேல் என்ற கொள்கையின் அடிப்படையில்தான் இந்த வழிகாட்டியில் உள்ள எல்லா அமைப்புகளையும் பரிந்துரைக்கிறேன்.

இங்கே முதன்மையாக லினக்ஸ் சர்வரில் இயங்கும் கப்ஸ் அச்சு அமைப்பையும், இசட்பிஎல் என்னும் லேபிள் மொழியைப் புரிந்துகொள்ளும் ஜீப்ரா வகை பிரிண்டர்களையும் வைத்து விளக்குகிறேன். மைக்கேல் ஸ்வீட் உருவாக்கிய கப்ஸை 2002 முதல் ஆப்பிள் தன் மேக் கணினிகளிலும் பயன்படுத்தி வருவதால், இந்தக் கட்டளைகளில் பெரும்பாலானவை மேக்கிலும் அப்படியே செல்லும். கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

முதலில் பெயர், பிறகு முகவரி

பிரிண்டரை நிறுவும்போது கணினி தானாக வைக்கும் பெயர் பெரும்பாலும் மாடல் எண்ணாகவே இருக்கும். ஒரே மாடலில் மூன்று இருந்தால் பெயரின் கடைசியில் 1, 2, 3 என்று ஒட்டிக்கொள்ளும். இந்தப் பெயரை அப்படியே விட்டுவிடுவது பின்னால் வரும் குழப்பங்களுக்கெல்லாம் வித்தாகிறது. பெயரைப் படித்தவுடனே எந்த இடம், என்ன லேபிள் என்பது தெரிய வேண்டும்: லேப்டியூப், வரவேற்புபட்டை, மருந்தகஉறை என்பவை போல. பிரிண்டர் பழுதாகி அதற்குப் பதில் வேறொரு மாடல் வந்தாலும் பெயர் மாறாது. அந்தப் பெயரை நம்பி எழுதிய ஸ்கிரிப்டுகளையும் திருத்த வேண்டியிருக்காது. கப்ஸில் பெயருக்குள் இடைவெளி, சாய்கோடு, எண்குறி ஆகியவை வரக் கூடாது. பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாட்டை அது பார்ப்பதில்லை என்பதால், எழுத்தின் அளவை மட்டும் மாற்றி இரண்டு பிரிண்டர்களுக்குப் பெயர் வைக்கவும் முடியாது.

பெயர் சரியாக இருந்தும் லேபிள் வேறிடத்தில் வருவதற்கு ஒரு காரணம் உண்டு: பெயருக்குப் பின்னால் இருக்கும் முகவரி மாறியிருக்கும். நெட்வொர்க் பிரிண்டர்களுக்கு ஐபி முகவரியை ரவுட்டர் தானாக வழங்கும்படி விட்டிருந்தால், மின்சாரம் போய் வந்த பிறகு இரண்டு பிரிண்டர்களின் முகவரிகள் இடம் மாறிவிடக்கூடும். அப்போது கட்டளை சரி, பெயர் சரி, லேபிள் மட்டும் அடுத்த அறையில் வரும். எனவே ஒவ்வொரு பிரிண்டருக்கும் நிலையான முகவரியைக் கொடுங்கள். அல்லது ரவுட்டரில் அந்த பிரிண்டரின் மேக் முகவரிக்கு (ஒவ்வொரு நெட்வொர்க் சாதனத்துக்கும் உரிய வன்பொருள் அடையாள எண்) ஒரு ஐபியை ஒதுக்கிவையுங்கள். பிரிண்டர் அச்சிட்டுத் தரும் அமைப்பு லேபிளில் அதன் தற்போதைய முகவரி இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சரிபார்ப்பதே நம்பகமான வழி.

யுஎஸ்பி வழியாக ஒரே கணினியில் இணைக்கப்பட்ட இரட்டைப் பிரிண்டர்களுக்கும் இதே கவனம் தேவை. பின்வரும் கட்டளை, கணினிக்குத் தென்படும் எல்லாச் சாதனங்களின் முகவரிகளையும் காட்டும்.

எல்பிஇன்ஃபோ -வி

யுஎஸ்பி முகவரியின் கடைசியில் சீரியல் என்ற சொல்லைத் தொடர்ந்து பிரிண்டரின் வரிசை எண் இருக்கும். அந்த எண்ணோடு சேர்த்து முழு முகவரியையும் எடுத்துப் பயன்படுத்தினால், கேபிளை எந்த யுஎஸ்பி துளையில் மாற்றிச் செருகினாலும் லேபிள் அதே பிரிண்டரைத் தேடிப் போகும்.

இனி அச்சு வரிசையை, அதாவது ஒரு பிரிண்டருக்கான பணிகளை அதன் பெயரில் வாங்கி அனுப்பும் அமைப்பை, உருவாக்கலாம். குழாய் லேபிள் பிரிண்டர் 192.168.10.21 என்ற முகவரியில் இருப்பதாகக் கொண்டால், நிர்வாகி உரிமையுடன் இந்தக் கட்டளையைத் தர வேண்டும்.

எல்பிஅட்மின் -பி லேப்டியூப் -இ -வி "சாக்கெட்://192.168.10.21:9100?கான்டைம்அவுட்=30" -எம் ரா -ஓ பிரிண்டர்-எரர்-பாலிசி=அபார்ட்-ஜாப்

இதில் சிறிய பி என்பதை அடுத்து வரிசையின் பெயர் வருகிறது. அதன் பின் வரும் இ மட்டும் பெரிய எழுத்து. வரிசையை உடனே இயக்கி, பணிகளை ஏற்கச் செய்வது அதுதான். அதைப் பெயருக்கு முன்னால் வைத்துவிட்டால் பொருளே மாறி, சர்வருடனான தொடர்பை மறையாக்கம் செய்யச் சொல்லும் கட்டளையாகிவிடும். வரிசை உருவாகும், ஆனால் எந்தப் பணியையும் ஏற்காமல் நிற்கும். 9100 என்பது, அனுப்பும் தரவை அப்படியே வாங்கிக்கொள்ள இவ்வகை பிரிண்டர்கள் திறந்து வைத்திருக்கும் போர்ட் எண். ரா என்ற சொல், இசட்பிஎல் தரவில் கைவைக்காமல் அப்படியே அனுப்பச் சொல்கிறது. புதிய கப்ஸ் பதிப்புகள், ரா வரிசைகள் வருங்காலத்தில் நீக்கப்படும் என்று இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையைக் காட்டும். இப்போதைக்கு வரிசை வேலை செய்யும். நீண்டகால ஏற்பாடு வேண்டுவோர், அதே மைக்கேல் ஸ்வீட் லேபிள் பிரிண்டர்களுக்காகவே எழுதிய எல்பிரிண்ட் என்ற செயலியைப் பார்க்கலாம்; அதிலும் பிரிண்டரைப் பெயர் சொல்லித் தேர்வது டி என்ற எழுத்தால்தான்.

முகவரியின் வாலில் இருக்கும் கான்டைம்அவுட் என்ற பகுதியைப் பலரும் கொடுப்பதில்லை. நான் அதை மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். அதைக் கொடுக்காவிட்டால், அணைந்திருக்கும் பிரிண்டருடன் இணைப்பதற்கு கப்ஸ் 604800 விநாடிகள், அதாவது முழுதாக ஒரு வாரம், முயன்றுகொண்டே இருக்கும். சனிக்கிழமை மாலை அணைத்த பிரிண்டரைத் திங்கள் காலை இயக்கினால், இடையில் அனுப்பிய லேபிள்கள் எல்லாம் வரிசையாக அச்சாகி, அன்று வந்த நோயாளிகளின் லேபிள்களோடு கலந்துவிடும். 30 விநாடி எல்லை வைத்து, பிழை ஏற்பட்டால் பணியைக் கைவிடச் சொல்லும் அபார்ட்-ஜாப் விதியையும் சேர்த்தால் பழைய லேபிள்கள் தேங்குவது பெருமளவு தவிர்க்கப்படும். கூரியர் பெட்டிகளுக்கான லேபிள் போல, தாமதமாக வந்தாலும் தீங்கில்லாதவற்றுக்கு மறுமுயற்சி செய்யும் விதியை வைத்துக்கொள்ளலாம்.

அனுப்பும் கட்டளை

வரிசை உருவான பின் லேபிளை அனுப்புவது ஒரே வரிதான்.

எல்பி -டி லேப்டியூப் -ஓ ரா மாதிரி.இசட்பிஎல்

டி என்பது டெஸ்டினேஷன் என்பதன் முதலெழுத்து, சிறிய எழுத்து. ஓ என்பது ஆப்ஷன். வரிசையே ரா வகையாக இருந்தாலும் ரா என்பதைக் கட்டளையிலும் எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்வது நல்லது. நாளைக்கு வேறொருவர் அந்த வரிசைக்கு டிரைவர் ஒன்றைப் பொருத்திவிட்டால், ரா இல்லாமல் அனுப்பிய இசட்பிஎல் தரவை வெறும் உரைக் கோப்பாகக் கருதி, பார்கோடுக்குப் பதிலாகக் குறியீட்டு எழுத்துகளையே லேபிளில் அச்சடித்துத் தள்ளும்.

பெர்க்லி யுனிக்ஸ் மரபில் வந்த எல்பிஆர் என்ற கட்டளையும் இதே வேலையைச் செய்யும். அதில் பிரிண்டரைக் குறிப்பிடுவது பெரிய பி.

எல்பிஆர் -பி லேப்டியூப் -ஓ ரா மாதிரி.இசட்பிஎல்

இந்த இரண்டு கட்டளைகளின் குறிகளையும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்பி கட்டளையிலும் பெரிய பி உண்டு. ஆனால் அங்கே அதன் பொருள், எந்தெந்தப் பக்கங்களை அச்சிட வேண்டும் என்பது. எல்பிஆரில் பழகிய கை, எல்பியில் பெரிய பி போட்டு பிரிண்டரின் பெயரை எழுதினால், அந்தப் பெயர் பிரிண்டரைக் குறிப்பதாகவே எடுத்துக்கொள்ளப்படாது. ஒரு நிறுவனத்துக்குள் ஏதேனும் ஒன்றை மட்டும் பயன்படுத்துவது என்று முடிவு செய்துகொண்டால் இந்தத் தொல்லை வராது. என் தேர்வு எல்பி.

பல பிரதிகள் வேண்டுமானால் அந்த எண்ணிக்கையை ஓரிடத்தில் மட்டும் சொல்லுங்கள். இசட்பிஎல் கோப்புக்குள்ளேயே ^பிக்யூ என்ற கட்டளையால் எண்ணிக்கை தரலாம். எல்பி கட்டளையில் என் என்ற எழுத்தாலும் தரலாம். கோப்பில் 3, கட்டளையில் 3 என்று இரண்டிலும் தந்தால் 9 லேபிள்கள் வரும்.

சர்வர் வேறொரு கணினியில் இருந்தால், பெயருக்கு முன்னால் சிறிய ஹெச் என்ற குறியோடு அந்த சர்வரின் பெயரைச் சேர்க்க வேண்டும்.

எல்பி -ஹெச் அச்சுசர்வர் -டி லேப்டியூப் -ஓ ரா மாதிரி.இசட்பிஎல்

பெயர் சொல்லாத பணிகள் எங்கே போகின்றன

பிரிண்டரின் பெயரைக் குறிப்பிடாமல் ஒரு பணி வந்தால் கப்ஸ் இந்த ஒழுங்கில் தேடுகிறது. முதலில் எல்பிடெஸ்ட் என்ற சூழல் மாறி (கட்டளைகள் படித்துக்கொள்ளும்படி பெயரிட்டு வைக்கும் மதிப்பு) அமைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் பிரிண்டர் என்ற சூழல் மாறியைப் பார்க்கும். அதுவும் இல்லையென்றால், அந்தப் பயனர் எல்பிஆப்ஷன்ஸ் கட்டளையால் தனக்கென்று அமைத்துக்கொண்ட இயல்புநிலை பிரிண்டர். அதன் பிறகு எல்லாப் பயனர்களுக்கும் பொதுவாக அமைக்கப்பட்டது. இறுதியாக எல்பிஅட்மின் கட்டளையால் சர்வரில் அமைக்கப்பட்டது. ஒருவரே டெர்மினலில் தட்டச்சு செய்யும்போது லேபிள் ஓரிடத்திலும், அதே கட்டளை குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக இயக்கும் கிரான் வழியாக நள்ளிரவில் ஓடும்போது வேறிடத்திலும் வருவதற்கு இந்த அடுக்குதான் காரணம். கிரான் பணிகளுக்கு, பயனர் தன் ஷெல்லில் அமைத்த சூழல் மாறிகள் கிடைப்பதில்லை; எனவே தேடல் அடுத்த படிக்கு இறங்கிவிடுகிறது. ரூட் என்னும் நிர்வாகிப் பயனராக இருந்துகொண்டு எல்பிஆப்ஷன்ஸ் கட்டளையைத் தந்தால், அது உங்களுக்கு மட்டுமன்றி எல்லோருக்குமான அமைப்பையும் மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தற்போது இயல்புநிலையாக எது இருக்கிறது, எந்தெந்த வரிசைகள் இயங்குகின்றன, ஒவ்வொன்றும் எந்த முகவரிக்குப் போகிறது என்பவற்றை இந்த ஒரு வரி காட்டும்.

எல்பிஸ்டாட் -டி -பி -வி

இங்கே டி டெஸ்டினேஷன், பி பிரிண்டர், வி சாதன முகவரி. மூன்றும் சிறிய எழுத்துகள்.

லேபிள் பிரிண்டர் எதையும் இயல்புநிலையாக வைக்க வேண்டாம் என்பதே என் உறுதியான பரிந்துரை. அதற்கும் ஒரு படி மேலே போய், பெயர் சொல்லாத பணிகளைத் திருப்பி அனுப்புவதற்கென்றே ஒரு வெற்று வரிசையை உருவாக்கி, அதை இயல்புநிலையாக வைக்கலாம். மூன்று கட்டளைகள் போதும்.

எல்பிஅட்மின் -பி பெயர்தேவை -இ -வி ஃபைல்:///டெவ்/நல்
கப்ஸ்ரிஜெக்ட் -ஆர் "பிரிண்டரின் பெயரைக் குறிப்பிடுக" பெயர்தேவை
எல்பிஅட்மின் -டி பெயர்தேவை

முதல் வரியில் இ பெரிய எழுத்து. இரண்டாவது கட்டளை அந்த வரிசையை எந்தப் பணியையும் ஏற்காத நிலைக்குக் கொண்டுபோகிறது. இனி யாரேனும் டி குறியை மறந்துவிட்டு எல்பி கட்டளையைத் தந்தால், அந்த வரிசை பணிகளை ஏற்பதில்லை என்ற பிழைச் செய்தியோடு கட்டளை உடனே நின்றுவிடும். அந்த இடத்திலேயே தவறு தெரிவதால் திருத்துவதும் எளிது. சூழல் மாறியோ தனிப்பட்ட இயல்புநிலையோ ஏற்கெனவே அமைந்திருக்கும் பயனர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. ஆகவே அவற்றைத் தேடி நீக்கிவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

கப்ஸில் கிளாஸ் என்ற வசதியும் உண்டு. பல பிரிண்டர்களை ஒரு பெயரின் கீழ் சேர்த்துவிட்டால், அவற்றில் எது ஓய்வாக இருக்கிறதோ அதற்குப் பணி போகும். ஒரே மேசையில் அடுத்தடுத்து வைத்த, ஒரே அளவு லேபிள் சுருள் ஏற்றிய இரண்டு பிரிண்டர்களுக்கு இது அருமையான ஏற்பாடு. வெவ்வேறு அறைகளில் இருப்பவற்றை ஒரு கிளாஸில் சேர்த்தால், ஒன்றில் சுருள் தீர்ந்து நிற்கும்போது லேபிள் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த அறைக்குப் போய்விடும்.

ஸ்கிரிப்டில் எழுதும்போது

பிரிண்டர் பெயர்களை நிரலின் பல இடங்களில் தூவி வைக்காமல், ஒரே கோப்பில் இடத்துக்கும் வரிசைப் பெயருக்கும் உள்ள தொடர்பை எழுதி வையுங்கள். அந்தக் கோப்பில் இல்லாத இடம் ஒன்று கேட்கப்பட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும். ஏதோவொரு பிரிண்டருக்கு அனுப்பிச் சமாளிக்கக் கூடாது. எல்பி கட்டளை வெற்றி பெற்றால், வரிசையின் பெயரும் ஓர் எண்ணும் சேர்ந்த பணி அடையாளத்தைத் திருப்பித் தரும்: லேப்டியூப்-412 என்பது போல. அதை நோயாளியின் பதிவோடு சேர்த்துச் சேமித்துவையுங்கள். பிறகு யாரேனும் லேபிள் வரவில்லை என்று சொன்னால், எந்த பிரிண்டருக்குப் போனது என்ற கேள்விக்கு அந்த அடையாளமே பதில் சொல்லிவிடும். முடிந்த பணிகளின் பட்டியலைப் பின்வரும் கட்டளை தரும். இதில் டபிள்யூ பெரிய எழுத்து, அது ஓ என்ற குறிக்கு முன்னால் வந்தாக வேண்டும்.

எல்பிஸ்டாட் -டபிள்யூ கம்ப்ளீட்டட் -ஓ லேப்டியூப்

இந்தப் பட்டியலில் கைவிடப்பட்ட, நீக்கப்பட்ட பணிகளும் சேர்ந்தே வரும்; வெற்றிகரமாக முடிந்த பணி என்றாலும், தரவு பிரிண்டரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது என்று மட்டுமே பொருள். பிரிண்டர் அதைத் தன் நினைவகத்தில் வாங்கிவைத்துக்கொண்டு, சுருள் இல்லாமல் நின்றிருக்கவும் கூடும். லேபிள் கைக்கு வந்ததா என்பதை ஸ்கேனரால் படித்து உறுதி செய்யும் ஒரு படியைப் பணி ஒழுங்கில் சேர்ப்பது இதற்காகத்தான்.

சிலர் வரிசையே வேண்டாமென்று, நெட்கேட் கருவியால் 9100 போர்ட்டுக்கு நேரடியாகத் தரவை அனுப்புகிறார்கள். சோதனைக்கு அது வசதிதான். அன்றாடப் பயன்பாட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. பணி அடையாளமும் இருக்காது, பதிவும் இருக்காது, பெயருக்குப் பதிலாக எண்களே கட்டளையில் இருப்பதால் பிழையைக் கண்ணால் பிடிப்பதும் கடினம்.

விண்டோஸ் கணினிகளில்

விண்டோஸில் இசட்பிஎல் கோப்பை நேரடியாக அனுப்ப, பிரிண்டரை முதலில் பகிர்வுக்குத் திறந்து ஒரு பகிர்வுப் பெயர் தர வேண்டும். அதன் பின் கட்டளைச் சாளரத்தில் இப்படித் தரலாம்.

காப்பி /பி மாதிரி.இசட்பிஎல் \\லோக்கல்ஹோஸ்ட்\லேப்டியூப்

இந்த பி பைனரி என்பதன் முதலெழுத்து. இதைத் தந்தால்தான் கோப்பு ஒரு பைட்டும் மாறாமல் முழுதாகப் போய்ச் சேரும். பவர்ஷெல்லில் அவுட்-பிரிண்டர் என்ற கட்டளையும் பிரிண்டரின் பெயரை வாங்கிக்கொள்ளும். ஆனால் அது டிரைவர் வழியாக உரையாக அச்சிடுவதால் இசட்பிஎல் தரவுக்கு ஏற்றதல்ல. பார்டெண்டர் மென்பொருளில் வடிவமைத்த லேபிள்களுக்கு, அதன் கட்டளை வரியில் /பிஆர்என்= என்பதை அடுத்து மேற்கோள் குறிகளுக்குள் பிரிண்டரின் பெயரைத் தர வேண்டும்; தராவிட்டால் லேபிள் கோப்பைக் கடைசியாகச் சேமித்தபோது தேர்ந்திருந்த பிரிண்டருக்கே போகும். விண்டோஸ் 10 முதல், இயல்புநிலை பிரிண்டரை விண்டோஸே நிர்வகிக்கும் வசதி இருக்கிறது. அது இயங்கினால், கடைசியாக எதில் அச்சிட்டீர்களோ அதுவே இயல்புநிலையாகிவிடும். லேபிள் அச்சிடும் கணினிகளில் அந்த அமைப்பை அணைத்துவிடுங்கள்.

பிரிண்டர் நின்றுவிட்டால்

ஒரு வரிசையில் காத்திருக்கும் பணிகளை இன்னொரு வரிசைக்கு மாற்ற எல்பிமூவ் உதவும். பணி அடையாளத்தையும் புதிய வரிசையின் பெயரையும் தந்தால் போதும்.

எல்பிமூவ் லேப்டியூப்-412 லேப்டியூப்2

மாற்றும் முன் லேபிளின் அளவும் பிரிண்டரின் புள்ளி அடர்த்தியும் ஒன்றுதானா என்று பாருங்கள். இசட்பிஎல்லில் இடமும் அளவும் புள்ளிகளில்தான் சொல்லப்படுகின்றன. ஓர் அங்குலத்துக்கு 203 புள்ளி கொண்ட பிரிண்டரில் ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள் வருவதால், 50 மில்லிமீட்டர் அகலமும் 25 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட லேபிளுக்கு 400க்கு 200 புள்ளிகள். அதே தரவை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி கொண்ட பிரிண்டருக்கு மாற்றினால், எல்லாம் மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கி இடது மேல் மூலையில் ஒட்டிக்கொள்ளும். பார்கோடின் கோடுகளும் மெலிந்து ஸ்கேனரால் படிக்க முடியாமல் போகலாம். நோயாளியின் பெயர் உள்ள லேபிள்களை எல்பிமூவ் வழியாக மாற்றாமல், கேன்சல் கட்டளையால் பழைய பணியை நீக்கிவிட்டு, மருத்துவமனை மென்பொருளிலிருந்தே புதிய பிரிண்டரைத் தேர்ந்து மறுபடி அனுப்பச் சொல்வேன். யார், எப்போது, எங்கே அனுப்பினார் என்ற பதிவு அப்போதுதான் ஒழுங்காக இருக்கும்.

எல்லா வரிசைகளையும் அமைத்து முடித்தவுடன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை லேபிள் அனுப்புங்கள். அந்த லேபிளில் வரிசையின் பெயர் மட்டும் இருந்தால் போதும். இசட்பிஎல் குறிகளைப் பெரிய எழுத்தில் தர வேண்டும்.

^எக்ஸ்ஏ^எஃப்ஓ30,60^ஏ0என்,50,50^எஃப்டிலேப்டியூப்^எஃப்எஸ்^எக்ஸ்இசட்

ஒருவர் சர்வரின் முன் அமர்ந்து ஒவ்வொரு பெயருக்கும் கட்டளை தர, இன்னொருவர் அறை அறையாகப் போய் வந்த லேபிளைப் படித்துப் பார்க்கட்டும். பெயரும் இடமும் பொருந்தினால், அந்த லேபிளை அந்த பிரிண்டரின் மேல் மூடியிலேயே ஒட்டிவிடுங்கள். பழுது என்று தொலைபேசியில் அழைப்பவர் அதைப் பார்த்துச் சரியான வரிசைப் பெயரைச் சொல்ல முடியும். பிரிண்டர் மாறும்போதும், நெட்வொர்க் சுவிட்ச் மாறும்போதும் இதே சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.